குப்பை, கணக்கு, ஊருணி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல உள்ளாட்சி சம்பந்தமா எதுவா இருந்தாலும் கேளுங்கன்னு ஒரு வரி போட்டிருந்தோம், அதுக்கு வந்த தபாலையும் வாட்ஸ்அப்பையும் பாத்து அசந்துட்டேன், முக்காவாசி செட்டிநாட்டுப் பக்கம்தான், அதனால இந்தத் தடவை முழுக்க அங்கயே இருந்துருவோம். நான் உள்ளாட்சிக் கணக்குப் பிரிவுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான்கிறது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எழுதுனவங்க நிறையப் பேரு ஊர் பேர் போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. அதனால ஆள் பேரும் இல்ல, எந்த ஆபீஸ் பேரும் இல்ல.

கேள்வி: ஐயா, எங்க பேரூராட்சியில பச்சை டப்பா ஒண்ணு நீல டப்பா ஒண்ணு குடுத்து பிரிச்சுப் போடுங்கன்னு சொன்னாங்க. நானும் ஒரு வருஷமா காய்கறித் தோலு தனி, பால் கவர் கழுவிக் காயவச்சு தனின்னு பாத்துப் பாத்து வைக்கிறேன். வண்டி வந்ததும் ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டுப் போயிடுறாங்க. கண்ணு முன்னாடியே. இனிமே நான் எதுக்குப் பிரிக்கணும்? (பேர் வேண்டாம்னு எழுதுன ஒரு ஆச்சி)

பதில்: ஆச்சி, உங்க கோபம் ரொம்ப நியாயமானது, எனக்கும் படிக்கும்போதே வயிறு எரிஞ்சுச்சு. ஆனா வண்டியில வர்ற தூய்மைப் பணியாளர் மேல மட்டும் கோபப்படாதீங்க. அவங்க வண்டியில நடுவுல தடுப்பு இருக்காது, ஒரு ஆளு நூத்துக்கணக்கான வீடு பாக்கணும், கொண்டுபோய்க் கொட்டுற இடத்துல ரெண்டுக்கும் ஒரே மேடுதான் இருக்கும், அப்ப அந்தப் புள்ள என்ன செய்யும். இது வண்டியில நடக்குற தப்பு இல்ல, பேரூராட்சி மன்றக் கூட்டத்துல நடந்த தப்பு. டப்பா வாங்கத் தீர்மானம் போட்டவங்க வண்டிக்குத் தடுப்பு போடவும், உரக்கூடத்துக்கு ஆள் வைக்கவும் தீர்மானம் போடல, அவ்வளவுதான் விஷயம்.

2016ல வந்த மத்திய அரசோட திடக்கழிவு மேலாண்மை விதி நம்மள மட்டும் பிரிக்கச் சொல்லல, பிரிச்சதை பிரிச்சபடியே எடுத்துட்டுப் போக வேண்டியது உள்ளாட்சியோட கடமைன்னும் அப்பவே சொல்லிருச்சு. அதனால நீங்க கேக்க வேண்டியது நாலு கேள்வி. ஈரக் குப்பையை உரமாக்குற நுண் உரக்கூடம் ஓடுதா, போன மாசம் எத்தன கிலோ உரம் வந்துச்சு, மக்காத குப்பையை யாருக்கு என்ன விலைக்கு வித்தீங்க, அந்தப் பணம் எந்தக் கணக்குல வரவு வச்சிருக்கு. இதுக்கு ரிஜிஸ்டர் இருந்தே ஆகணும். ரிஜிஸ்டர்ல பக்கம் காலியா இருந்துச்சுன்னா உங்க பால் கவர் எங்க போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு.

பழசு எல்லாம் காசுன்னு நம்ம ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. ஈயம் பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்னு சைக்கிள்ல கூவிட்டு வந்தவரு என்ன செஞ்சாரு, நாம பிரிச்சுக் குடுத்ததைத்தான் வாங்குனாரு, ஈயத்தையும் சாம்பலையும் கலந்து குடுத்தா வாங்குவாரா. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைக்காரங்க எனாமல் கிண்ணத்தை எப்படித் தொடச்சு வச்சு விக்கிறாங்க பாருங்க. பிளாஸ்டிக்கும் அதே கதைதான், சோத்தோட கலந்த பாட்டிலுக்கு விலை இல்ல, காஞ்ச பாட்டிலுக்கு இருக்கு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் குப்பையத் தாரோட சேத்து ரோடு போடலாம்னு செஞ்சு காட்டி 2018ல பத்மஸ்ரீ வாங்கினாரே, அந்த ரோட்டுக்கும் காஞ்ச சுத்தமான பிளாஸ்டிக்தான் வேணும்.

அதனால பிரிக்கிறத நிறுத்தாதீங்க ஆச்சி. வண்டி சரியாகுற வரைக்கும் ஈரக் குப்பையை மட்டும் வெளிய குடுக்காம உங்க பின்கட்டுத் தோட்டத்துல ஒரு குழியோ உடைஞ்ச மண்தொட்டியோ வச்சு காஞ்ச இலை மூடி மூடிப் போடுங்க, ரெண்டு மூணு மாசத்துல கருவேப்பிலைக்கு உரமாயிடும். காஞ்சதை வாரம் ஒருக்கா பழைய பேப்பர் கடைக்கு. நாப்கின், குழந்தை டயப்பர் இதெல்லாம் பேப்பர்ல சுத்தித் தனியாக் குடுங்க, பல்பு, பேட்டரி, காலாவதியான மாத்திரை அதுவும் தனி, அதைக் கையால பொறுக்குறது இன்னொரு பெத்த தாயோட புள்ளதான்.

கேள்வி: சொத்து வரி சீக்கிரம் கட்டினா தள்ளுபடி உண்டாமே, உண்மையா?

பதில்: உண்மை. அரையாண்டு தொடங்கின 30 நாளுக்குள்ள, அதாவது ஏப்ரல் மாசத்துலயும் அக்டோபர் மாசத்துலயும் கட்டிட்டா 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபா வரைக்கும். இது நகர்ப்புறத்துக்கு. வெளியூர்ல இருக்கிற பங்காளிங்க யாராவது ஒருத்தர் பொறுப்பு எடுத்து ஆன்லைன்லயே கட்டிருங்க, பூட்டிக் கிடக்கிற வீடுன்னு வரி நிக்காது.

கேள்வி: அண்ணே, எங்க ஊர்ல ஒரு பழைய ஊருணி இருக்கு, செம்புறாங்கல் படிக்கட்டு எல்லாம் போட்டது, எங்க அப்பத்தா காலத்துல குடிதண்ணியே அதுதானாம். இப்ப தண்ணி இல்ல, பாதி மேடாயிடுச்சு. மன்றக் கூட்டத்துல ‘பயன்பாட்டில் இல்லாத ஊருணி இடத்தில் வணிக வளாகம்’னு ஒரு பொருள் வரப்போகுதாம். கவுன்சிலர் ஒருத்தரே சொன்னாரு. ஊருக்கு வருமானம் வரும்னும் சொல்றாங்க. நாங்க என்ன செய்யணும்? (ஒரு பொறியியல் படிச்ச தம்பி)

பதில்: தம்பி, இந்த இதழ்ல வேற எதுக்கும் இடம் இல்லாமப் போனாலும் உங்க கேள்விக்குப் பதில் எழுதியிருப்பேன்.

மொதல்ல ஒண்ணு கேக்குறேன், அந்த ஊருணி எப்படி மேடாச்சு? நீங்க எழுதல, ஆனா எனக்குத் தெரியும், ஏன்னா நான் பாத்த ஊருணி எல்லாம் ஒரே மாதிரித்தான் செத்துச்சு. மொதல்ல ஊருணிக்குத் தண்ணி கொண்டுவர்ற வரத்துக்கால்ல யாரோ வீடு கட்டுவாங்க, தண்ணி வர்றது நிக்கும். அடுத்து குப்பைக் கிடங்குக்குப் பணம் ஒதுக்காத வருஷத்துல வண்டி ராத்திரியில அங்க கொட்டும். அப்புறம் இடிச்ச வீட்டுச் சுண்ணாம்பும் செங்கலும் வரும். மேல சீமைக்கருவேலம் மொளைக்கும். அதுக்கப்புறம் அஜெண்டாவுல ‘பயன்பாட்டில் இல்லாத’ங்கிற வார்த்தை வரும். இத்தனையும் பதினஞ்சு இருபது வருஷத்துல மெதுவா நடக்கும், எந்த வருஷத்துலயும் யாரும் தப்பு செஞ்ச மாதிரியே தெரியாது.

நம்ம பக்கம் வருஷம் பூரா தண்ணி ஓடுற ஆறு கிடையாது, கல்லும் செம்மண்ணும் உள்ள பூமி. வீட்டு வளவுக்குள்ள, அதாவது நடுமுற்றத்துல, விழுற மழைத்தண்ணியக் கூட வீணாக்கக் கூடாதுன்னு கூரைச் சரிவு போட்டு, முற்றத்துலேர்ந்து கால்வாய் விட்டு, தெருத்தண்ணி ஊருணிக்குப் போற மாதிரி ஊரையே வகுத்து வச்சாங்க. ஊருணி நிறைஞ்சாத்தான் பக்கத்துக் கிணத்துல ஊத்து. அதனால ‘தண்ணி இல்ல, இடம் சும்மா கிடக்கு’ங்கிற பேச்சை ஏத்துக்கவே ஏத்துக்காதீங்க, தண்ணி இல்லன்னா தண்ணியக் கொண்டுவரணும், கடையக் கொண்டுவரக் கூடாது.

இப்ப வேலைக்கு வருவோம். மன்றம் தீர்மானம் போட்ட உடனே நிலம் மாறிடாது, இது நிறையப் பேருக்குத் தெரியாததால பயந்துபோய் உக்காந்துடுறாங்க. ஊருணி, குளம், குட்டை எல்லாம் நீர்நிலைப் புறம்போக்கு, பராமரிப்பு உள்ளாட்சிகிட்ட இருந்தாலும் வகைப்பாட்டை மாத்துற அதிகாரம் மன்றத்துக்குக் கிடையாது, அது வருவாய்த்துறை, கலெக்டர், அரசுன்னு மேல போகணும். அந்தப் பயணத்துக்கு மொத டிக்கெட்டுதான் தீர்மானம். அதனால கூட்டத்துக்கு முன்னாடியே நீங்க செய்ய வேண்டியது: சர்வே நம்பரைக் கண்டுபிடிங்க. ஊரோட நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டுல அந்த நம்பருக்கு நேரா ஊருணின்னு இருக்கா குளம்னு இருக்கான்னு பாத்து நகல் எடுங்க, அரசோட இ-சர்வீஸ் தளத்துலயே எடுக்கலாம். புலப்படத்துல, அதாவது நில அளவை வரைபடத்துல, வரத்துக்கால் எந்த வழியா வருதுன்னு பாருங்க. அதை வச்சு ஒரு ஆட்சேபணை மனு, ஒரே பக்கம் போதும், செயல் அலுவலர், தாசில்தார், கலெக்டர் மூணு பேருக்கும் குடுத்து ஒப்புகை வாங்கிக்கோங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள், வருஷத்துக்கு ஒருக்கா தாலுகா ஆபீஸ்ல கிராமக் கணக்கைச் சரிபாக்குற ஜமாபந்தி, ரெண்டுலயும் அதே மனுவைப் பதியலாம். கவுன்சிலர்கள்ல ரெண்டு பேராவது அந்தப் பொருளுக்கு ‘ஆட்சேபணை’ன்னு மினிட் புத்தகத்துல எழுத வச்சிருங்க, பேச்சுல சொன்னது காத்துல போயிடும், மினிட்ல இருக்குறது நாளைக்கு கோர்ட்டுல நிக்கும்.

கோர்ட்டுன்னு போனா உங்க பக்கம் பலம் இருக்கு. 2011 ஜனவரி 28ல உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்குல ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. பஞ்சாப்ல பாட்டியாலா மாவட்டத்துல ஒரு கிராமத்துக் குளத்தை மண்ணடிச்சு மூடி வீடு கட்டிட்டாங்க, நிலத்துக்கு விலை வசூல் பண்ணிட்டு இடத்தை அவங்களுக்கே விட்டுடுங்கன்னு கலெக்டரும் சொல்லிட்டாரு. உச்ச நீதிமன்றம் அதெல்லாம் செல்லாது, ஊர்ப் பொதுச் சொத்து ஊருக்குத்தான், காலி பண்ணுங்கன்னு சொன்னதோட, எல்லா மாநிலமும் இந்த மாதிரி நிலங்களை மீட்கத் திட்டம் போடணும்னும் உத்தரவு போட்டுச்சு. நம்ம மாநிலத்துலயும் நீர்நிலை ஆக்கிரமிப்பை அகத்தணும்னு 2005ல உயர் நீதிமன்றம் எல். கிருஷ்ணன் வழக்குல தெளிவாச் சொல்லியாச்சு. சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரைக் கிளைதான், பொதுநல வழக்கு அங்க போடலாம். ஆனா அது கடைசிக் கதவு, மொதல்ல மனு.

வருமானம் வரும்னு சொல்றவங்களுக்கு ஒரு பதில் வச்சுக்கோங்க. வரி இந்த வருஷம் குறைஞ்சா அடுத்த வருஷம் கூட்டி வசூல் பண்ணலாம், குப்பை இன்னைக்கு எடுக்கலன்னா நாளைக்கு எடுக்கலாம், ஊருணி மேல கான்கிரீட் போட்டா நம்ம பேரன் பேத்தி யாராலயும் திருப்பி வெட்ட முடியாது.

கேள்வி: நான் சென்னையில இருக்கேன். ஊர்ல எங்க பெரிய வீடு, 14 பங்காளி, ஒரு கட்டு இடிஞ்சு விழுற நிலைமை, மிச்சத்தையும் இடிச்சுட்டு மனையாக்கலாம்னு பேச்சு. இடிமானத்தைக் காண்ட்ராக்டரே எடுத்துப்பேன்னு சொல்றாரு. எங்க கொண்டுபோவாருன்னு கேட்டா ‘அதெல்லாம் இடம் இருக்கு சார்’ங்குறாரு. சரியா?

பதில்: சரி இல்லங்க. அந்த ‘இடம்’ எதுன்னு மேல தம்பிக்கு எழுதுன பதில்லயே இருக்கு. கட்டட இடிமானத்துக்குன்னு 2016லயே தனியா விதி வந்தாச்சு, கழிவை உண்டாக்குறவருக்குத்தான் பொறுப்பு, அதாவது காண்ட்ராக்டர் மட்டும் இல்ல, நீங்களும்தான். ஒப்பந்தத்துல எந்த இடத்துல கொட்டப்போறாருன்னு எழுதச் சொல்லுங்க, உள்ளாட்சி ஆபீஸ்ல எழுத்துல கேட்டு அவங்க காட்டுற இடம்னா மட்டும் ஒத்துக்கோங்க, லாரிக்கு லாரி போட்டோ வாங்குங்க.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பேச்சு. 14 பேரும் கையெழுத்துப் போட்டாச்சா? இல்லன்னா எதுவும் தொடாதீங்க. போட்டாச்சுன்னாலும் ஒரு தடவை ஊருக்குப் போய் அந்தப் பட்டாலையில உக்காந்து யோசிங்க. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்பு 2014லேர்ந்து யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியல்ல இருக்கு, உலகமே வந்து பாக்குற வீடுங்க. நான் யாரையும் குத்தம் சொல்லல, வெளியூர்ல பொழப்பு, பராமரிப்புச் செலவு, எல்லாம் தெரியும். முகப்பையும் மொதல் வளவையும் மட்டும் நிப்பாட்டி ரிப்பேர் பண்ணி பின்கட்டுகளை மட்டும் இறக்கின குடும்பங்க இருக்கு, அதுவும் ஒரு வழி.

இறக்கத்தான் வேணும்னா புல்டோசர் வேண்டாம், கையால இறக்குங்க. பர்மா தேக்குத் தூண், நிலை, கதவு, நாட்டு ஓடு, ஆத்தங்குடித் தரைக்கல்லு, பழைய செங்கல், எல்லாத்துக்கும் வாங்க ஆள் இருக்கு, புதுசா வீடு கட்டுறவங்களும் பழைய வீட்டை ரிப்பேர் பாக்குறவங்களும் தேடிட்டு வர்றாங்க. கையால இறக்குனா கூலி கூடத்தான், ஆனா லாரியில ஏறுற இடிமானம் குறையும், வித்த காசு கூலிக்குக் கைகொடுக்கும். இறக்குற பொருளுக்கு ஒரு ஜாபிதா எழுதி 14 பேருக்கும் அனுப்பிருங்க, பின்னாடி மனஸ்தாபம் வராது.

கேள்வி: எங்க ஊராட்சியைக் காரைக்குடியோட சேத்துட்டாங்க. இதுவரைக்கும் ஊராட்சி பேர்ல இருந்த நிலம், கட்டடம், தண்ணித்தொட்டி எல்லாம் யாருக்கு?

பதில்: 2024ல புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலையோட சேத்து காரைக்குடியையும் மாநகராட்சி ஆக்குனாங்க. எந்த எல்லை போய்ச் சேருதோ அந்தச் சொத்தும் கடனும் பதிவேடும் கூடவே போகும். இந்த மாறுற நேரத்துலதான் ஒரு சர்வே நம்பர் கணக்குலேர்ந்து நழுவும், யாரும் வேணும்னே செய்யணும்னு கூட இல்ல, நழுவும். பழைய ஊராட்சியோட அசையாச் சொத்துப் பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கி ஊர்ல நாலு பேர் கையில வச்சுக்கோங்க. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் வரணும்.

கேள்வி: நாங்க ஒரு லேஅவுட்ல மனை வாங்கி வீடு கட்டிட்டோம். வாங்கும்போது மேப்ல பூங்கான்னு பச்சை கலர்ல ஒரு இடம் இருந்துச்சு. இப்ப அதுல கல் நட்டு விக்கப் பாக்குறாங்க. கேட்டா ‘அது இன்னும் எங்க பேர்லதான் இருக்கு’ங்குறாங்க. (மூணு குடும்பம் சேந்து எழுதுனது)

பதில்: உங்ககிட்ட அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடம் இருக்கா, அதான் உங்க ஆயுதம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் 2019 என்ன சொல்லுதுன்னா 3,000 சதுர மீட்டருக்கு மேல உள்ள மனைப்பிரிவுல 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு விடணும், 10,000 சதுர மீட்டர் வரைக்கும் இடத்துக்குப் பதிலா பணமாக் கட்டலாம், அதுக்கு மேலன்னா இடமாவே விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் குடுத்தாகணும். உங்க லேஅவுட் அதுக்கு முந்தினதா இருந்தாலும் வரைபடத்துல பூங்கான்னு காட்டி அனுமதி வாங்கின இடம் பூங்காதான்.

நிறைய இடத்துல என்ன ஆகுதுன்னா, தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், உள்ளாட்சி பேருக்குப் பட்டா மாத்தியிருக்க மாட்டாங்க, ஆபீஸ்ல ஃபைல் தூங்கும், வெளிய பழைய பேர்லயே கிடக்கும், பத்து வருஷம் கழிச்சு அந்தப் பழைய பேரை வச்சே மறுபடி விப்பாங்க. இதுல உள்ளாட்சிக்கும் பங்கு இருக்கு, வாங்கின நிலத்துக்கு வேலி போடாம விட்டது யாரு. பதிவு ஆபீஸ்ல அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டு தானப் பத்திரம் இருக்கான்னு பாருங்க, இருந்தா பட்டா மாத்தி வேலியும் பலகையும் போடச் சொல்லி மனு, இல்லன்னா லேஅவுட் அனுமதி குடுத்த நகர் ஊரமைப்பு ஆபீஸுக்குப் புகார், ரெண்டுலயுமே சார்பதிவாளருக்கு ஒரு ஆட்சேபணை மனு. பெங்களூர்ல பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒதுக்குனாங்க, ஆஸ்பத்திரிதானேன்னு கூட உச்ச நீதிமன்றம் விடல, பூங்கா பூங்காதான், ஒதுக்குனது செல்லாதுன்னு 1991ல சொல்லிருச்சு. ஆஸ்பத்திரிக்கே விடாத இடத்தை மனை போட்டு விக்க விடுவாங்களா.

கேள்வி: கிராம சபையில வரவு செலவு வாசிக்கிறாங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுது, ஒண்ணும் புரியல. கேள்வி கேட்டா ‘எல்லாம் சரியா இருக்கு’ங்குறாங்க. எப்படிக் கேக்குறது?

பதில்: நான் எதிர்பாத்துக்கிட்டு இருந்த கேள்வி இது.

கணக்குன்னா நம்ம ஊரு. ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், விடாம புள்ளி வரி எழுதி, தர்மத்துக்கு ஒதுக்குற மகமைய அணா பைசா வரைக்கும் பேரேட்டுல ஏத்தி, வருஷக் கடைசியில வரவும் செலவும் நேராகுதான்னு ஐந்தொகை போட்டு ஒத்துவரலன்னா விளக்கை அணைக்காத ஆளுங்க இருந்த ஊரு. ரங்கூன்லயும் பினாங்குலயும் நம்ம ஆளுங்க வச்சிருந்த கடைக்கணக்கு இங்க வந்து சேந்துச்சு. கோவில் கணக்குல ஒரு செலவு சீட்டு இல்லன்னா இன்னைக்கும் கேக்குறோம். அந்தக் கண்ணை ஊராட்சிக் கணக்கு மேலயும் வச்சா போதும், புதுசா எதுவும் படிக்க வேண்டாம்.

கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரம் உண்டு, 501லேர்ந்து 3,000 பேர் உள்ள ஊராட்சின்னா 100 பேர் வரணும், 3,001லேர்ந்து 10,000ன்னா 200 பேர். ஆளு வராம நோட்டுல கையெழுத்து மட்டும் நிறைஞ்சிருந்துச்சுன்னா அதையே மொத கேள்வியாக் கேளுங்க. சிவகங்கை மாவட்டத்துல ஊராட்சிப் பிரதிநிதிகள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு தனி அலுவலர் கையில நிர்வாகம் போச்சு, அதனால தலைவர் இல்ல கேக்க முடியாதுன்னு சிலர் நினைச்சுக்கிட்டாங்க, கிராம சபை உங்களுது, தலைவருது இல்ல.

கேக்க வேண்டிய விதம் சொல்றேன். மொத்தத் தொகையைக் கேக்காதீங்க, அதுல ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு தலைப்பை எடுங்க, இந்த வருஷம் குப்பைன்னு வச்சுப்போம். போன வருஷம் எவ்வளவு போட்டீங்க, நெசமா எவ்வளவு செலவாச்சு, இந்த வருஷம் எவ்வளவு போடுறீங்க. மூணு எண்ணு. அப்புறம் பணம் எங்கேர்ந்து வந்துச்சு. வீட்டு வரி, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் இந்த மூணுதான் பெரிசு. 2021லேர்ந்து 2026 வரைக்கும்னு வகுத்த 15வது நிதிக்குழு மானியத்துல கிராமத்துக்கு வந்த 100 ரூபாயில 60 ரூபா கட்டுப்பட்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவு பண்ண வேண்டிய பணம், அதுல 30 சுகாதாரத்துக்கு, குப்பையும் அதுலதான் அடக்கம், 30 குடிதண்ணிக்கு. அப்ப ‘குப்பைக்குப் பணம் இல்ல’ன்னு ஒருத்தர் சொன்னா அந்த 30 ரூபா எந்த வேலைக்குப் போச்சுன்னு கேக்கலாம்ல.

இன்னொண்ணு, குப்பைச் செலவுல முக்காவாசி ஆள் சம்பளமும் வண்டி டீசலும் ரிப்பேரும்தான். அதனால புதுசா வண்டி வாங்கினாங்கன்னு போட்டோ போட்டா சந்தோஷப்படுங்க, கூடவே அதை ஓட்டுறவருக்கும் டயர் மாத்துறதுக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்குன்னு கேளுங்க. ஷெட்டுல நிக்கிற வண்டிங்க எல்லாம் இந்தக் கேள்வி கேக்காததால நிக்கிறதுதான். கூட்டத்துல பதில் வரலன்னா சண்டை போடாதீங்க, ‘இந்தக் கேள்விக்கு அடுத்த கிராம சபையில எழுத்துல பதில் தரணும்’னு தீர்மானமா எழுதச் சொல்லுங்க.

கேள்வி: தை மாசம் எங்க வீட்டுலயே கல்யாணம், 600 பேர். இலையும் வாட்டர் பாட்டிலும் எங்க போடுறது? சமையல்காரர் ‘நாங்க பாத்துக்குறோம்’னு சொல்லிட்டாரு.

பதில்: வாழ்த்துக்கள், வளவுல பந்தி போட்டுக் கல்யாணம் பண்றதே ஒரு அழகு. மண்டபம் இல்லாம வீட்டுல 100 பேருக்கு மேல கூடுற விசேஷம்னா குறைஞ்சது மூணு வேலை நாளுக்கு முன்னாடி உள்ளாட்சியில தகவல் சொல்லணும், குப்பையப் பிரிச்சுக் குடுக்கணும்னு 2016ல வந்த திடக்கழிவு விதியே சொல்லிருச்சு. சொன்னா அவங்களே வண்டி அனுப்புவாங்க, அதுக்கு உண்டான கட்டணத்தைக் கட்டிருங்க. வாட்டர் பாட்டிலுக்குப் பதிலா எவர்சில்வர் டம்ளர், உங்க வீட்டுல தலைமுறையா சேத்து வச்ச சாமான் அறையில இருக்குமே. இலையும் சோறும் ஒரு சாக்குல தனியா, மாட்டுக்குப் போடுறதா இருந்தா பிளாஸ்டிக் ஒரு துண்டு கூடக் கலக்காம. சமையல்காரர் பாத்துக்குறது வேண்டாம், அவருக்கு விடிஞ்சா அடுத்த ஊர், கண்மாய்க்கரை இருட்டுல அவருக்கு வசதி.

கேள்வி: ஐயா நான் பதினொண்ணாவது படிக்கிறேன். எங்க ஸ்கூல் பின்னாடி தினமும் சாயங்காலம் குப்பையை எரிக்கிறாங்க. கிளாஸ்ல பாதிப்பேருக்கு இருமல். சார் கிட்ட சொன்னோம், ‘என்ன பண்றது’ன்னாரு. நாங்க சின்னப் பிள்ளைங்க, எங்க மனுவை வாங்குவாங்களா?

பதில்: வாங்குவாங்கம்மா, வாங்கித்தான் ஆகணும். குப்பையைத் திறந்தவெளியில எரிக்கக் கூடாதுன்னு 2016 டிசம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவு போட்டிருக்கு, சாதாரணமா எரிச்சா 5,000 ரூபா, மொத்தமாக் குவிச்சு எரிச்சா 25,000 ரூபா அபராதம். எரிக்கிறது உள்ளாட்சி ஆளா இருந்தாலும் அதே சட்டம்தான். ஆனா அந்த ஆளை மாட்டிவிடுறது நம்ம நோக்கம் இல்ல, அவருக்குக் குப்பையக் கொண்டுபோக வண்டியோ இடமோ குடுக்கலன்னா அவரும் அந்தப் புகையத்தான் குடிக்கிறாரு, அதையும் மனுவுல எழுது.

ஒரு வாரம் தேதி, நேரம் குறிச்சு வை, தூரத்துலேர்ந்து போட்டோ எடு, கிட்டப் போகாத. உங்க அப்பா அம்மா, இன்னும் நாலு பெத்தவங்க கையெழுத்தோட மனு எழுதி உள்ளாட்சி ஆபீஸுக்கு ஒண்ணு, சுகாதார ஆய்வாளருக்கு ஒண்ணு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட ஆபீஸுக்கு ஒண்ணு குடுங்க. எரிக்காம எங்க கொண்டுபோவீங்கன்னு அதுலயே கேளு. ஒப்புகைச் சீட்டு வாங்கின உடனே எனக்கு ஒரு நகல் அனுப்பு, பதில் என்ன வந்துச்சுன்னு இதே பக்கத்துல போடுறோம்.